அத்தியாயம் 5: ஜனவரியை மனதில் வைத்து – நேரோபோட்டில் அன்றாடம்

நேரோபோட் வாங்கி இங்கிலாந்தின் கால்வாய்களில் குடியேற ஆசைப்படுபவர்களில் பெரும்பாலோர் அதை முதலில் பார்ப்பது ஜூன் மாதத்தில். கரையோர மரங்கள் தழைத்திருக்கும், இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், படகுக் கூரைகளில் பூந்தொட்டிகள் வரிசையாக நிற்கும். அந்தக் காட்சி பொய்யில்லை. ஆனாலும் அதை மட்டும் நம்பி வீட்டைக் காலி செய்துவிட வேண்டாம். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஜனவரியில், கரைப்பாதை சேறாகிக் கிடக்கும்போது, குடிநீரும் கரியும் மின்சாரமும் கழிவும் உங்கள் கை வழியாகவே வந்து போக வேண்டிய ஒரு வாழ்க்கை பிடிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிடித்துப்போகும் என்றுதான் நான் உறுதியாக நம்புகிறேன், சில பழக்கங்கள் கைகூடிவிட்டால். படகு வாங்கும் முன் குளிர்காலத்தில் ஒரு வாரமாவது வாடகைப் படகில் தங்கிப் பாருங்கள். அந்த ஒரு வாரம் பத்து கோடைப் பயணங்கள் சொல்லாததைச் சொல்லிவிடும்.

ஆறடி அகலம்

நேரோபோட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம். 18ஆம் நூற்றாண்டில் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி மிட்லண்ட்ஸ் பகுதிக் கால்வாய்களுக்கு வகுத்த லாக்குகள் – படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள் – சுமார் 7 அடி அகலம் கொண்டவை. அதற்குள் நுழைய முடிந்த படகால்தான் அன்று சரக்கு ஏற்ற முடிந்தது. இன்றும் அதே லாக்குகள் வழியாகத்தான் போகிறோம். சுவர்ப் பலகையும் வெப்பக்காப்பும் போக உள்ளே உங்களுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய ஆறடி. நீளம் 70 அடி வரை போகலாம். ஆனால் வடக்கே சில கால்வாய்களில் லாக்குகள் குட்டையானவை என்பதால், நாடு முழுக்கச் சுற்ற நினைப்பவர்கள் 57 அடியைத் தாண்ட மாட்டார்கள்.

இடம் போதாது என்று கவலைப்படுகிறவர்கள் பழைய சரக்குப் படகுகளின் பின்பக்க அறையை ஒருமுறை அருங்காட்சியகத்தில் போய்ப் பார்த்துவிட வேண்டும். பத்தடி நீளம்கூட முழுதாக இருக்காது. கணவன், மனைவி, குழந்தைகள் எல்லாரும் அதற்குள்தான். நுழைந்ததும் அடுப்பு, கீழே இறக்கினால் மேசையாகிவிடும் அலமாரிக் கதவு, இரவில் குறுக்கே விரித்து, பகலில் மடக்கி மறைத்துவிடும் கட்டில். சுற்றிலும் ரோஜாவும் கோட்டையுமாக ஓவியம், பித்தளைப் பளபளப்பு. மீதி அறுபதடியும் நிலக்கரிக்கும் மற்ற சரக்குக்கும். 1962–63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தபோது, ஏற்கெனவே நலிந்திருந்த அந்தத் தொழில் அநேகமாக முடிந்தே போனது. இன்று நமக்கு அந்த அறுபதடியும் வீடு. அவர்களிடம் கற்க வேண்டியது ஒன்றுண்டு: ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், அது அந்த இடத்தில் மட்டும். படகில் சாவியைத் தேடுவது எரிச்சலோடு போய்விடும். இருட்டில் டார்ச்சைத் தேடுவது ஆபத்தில் முடியும்.

கனமான சாமான்களை ஒரே பக்கம் அடுக்காதீர்கள். புத்தக அலமாரி முழுவதும் இடப்பக்கம் போனால் படகு இடப்பக்கம் சாயும். சமையலறையில் எண்ணெய் ஒரு பக்கமாக ஓடும், குளியல் தொட்டியில் தண்ணீர் வடியாது.

தண்ணீரும் கழிவும்

பெரும்பாலான படகுகளில் தண்ணீர்த் தொட்டி முன்பக்கம் இருக்கும். சில நூறு லிட்டர் கொள்ளும். கரையோரத்தில் சில மைல்களுக்கு ஒன்றாக இருக்கும் குழாயில் ஹோஸ் மாட்டி நிரப்பிக்கொள்ள வேண்டும். தொட்டி பெரிதாக இருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகும். அந்த நேரத்தில் தரையைத் துடைக்கலாம், துணி துவைக்கலாம், பின்னால் வந்து காத்திருக்கும் படகுக்காரரோடு பேசலாம். குழாயின் முன்னால் படகைக் கட்டிவிட்டுக் கடைக்குப் போய்விடுவது மட்டும் கூடாது. கால்வாயில் இதைவிட வேகமாகப் பெயரைக் கெடுக்கும் காரியம் இல்லை.

கால்வாய்த் தண்ணீரைக் குடிக்கவோ பாத்திரம் கழுவவோ தொடவே கூடாது. எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய் அதில் இருக்கலாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கயிற்றைத் தொடும் முன் கட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கால்வாயில் விழுந்து எழுந்த சில நாட்களில் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால், மருத்துவரிடம் முதல் வார்த்தையாகக் கால்வாயில் விழுந்ததைச் சொல்லுங்கள்.

அடுத்தது கழிப்பறை. படகுக்காரர்கள் வெட்கமில்லாமல், மணிக்கணக்கில், உண்மையான ஈடுபாட்டோடு பேசும் விஷயம் இது. மூன்று வகை உண்டு. கட்டிலுக்கு அடியிலோ வேறெங்கோ பெரிய தொட்டி வைத்து, சில வாரங்களுக்கு ஒருமுறை படகுத்துறையில் காசு கொடுத்து உறிஞ்சி எடுக்கச் செய்வது ஒன்று. கேசட் டாய்லெட் இன்னொன்று: சுமார் 20 லிட்டர் பெட்டி, நிறைந்ததும் நீங்களே தூக்கிப்போய் எல்சன் என்று எல்லாரும் சொல்லும் கழிவுத் தொட்டியில் கொட்டிக் கழுவ வேண்டும். சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரிக்கும் உலர் கழிப்பறை மூன்றாவது. ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருக்கப் போகிறவருக்கு நான் கேசட்டையே பரிந்துரைப்பேன், கூடுதலாக ஒரு காலிப் பெட்டியோடு. பெரிய தொட்டி வசதியானதுதான். ஆனால் கால்வாய் உறைந்து படகு நகர முடியாதபோது அது நிறைந்துவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. கேசட்டையோ கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தே போய்விடலாம். நிறைந்த பெட்டி ஏறத்தாழ 20 கிலோ. முதுகுவலி உள்ளவர் முக்கால் அளவிலேயே எடுத்துப் போவது நல்லது.

குழாய், எல்சன், குப்பைத் தொட்டி பலவற்றுக்கும் ஒரே மாதிரிச் சாவிதான். அதைக் கார்க் மிதவை கோத்த வளையத்தில் மாட்டி வைத்தால், தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும்.

அடுப்பு

குளிர்காலத்தில் படகின் உயிர் அடுப்பில் இருக்கிறது. வார்ப்பிரும்பு அடுப்பு, புகையில்லா நிலக்கரி, கொஞ்சம் காய்ந்த விறகு. சாதாரண நிலக்கரியை வீட்டுத் தேவைக்கு விற்பது இங்கிலாந்தில் 2023 மே முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே மூட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

சிராயும் காகிதமும் வைத்துப் பற்றவைத்து, தீ பிடித்ததும் கரி போட்டு, கீழ்க்காற்றுத் திறப்பை அகலமாக வையுங்கள். கரி சிவந்ததும் அதைச் சிறுகச் சிறுக மூடுங்கள். நன்றாகப் பழகியவர் அக்டோபரில் மூட்டிய அடுப்பை மார்ச் வரை அணையவிடாமல் வைத்திருப்பார். இரவில் சாம்பலைத் தட்டிவிட்டு, கரியை நிரப்பி, காற்றைக் குறைத்துப் படுத்தால் காலையில் கொஞ்சம் கங்கு மிச்சமிருக்கும். கீழ்த்திறப்பைத் திறந்து இரண்டு சிராய் போட்டால் டீ கொதிப்பதற்குள் அறை சூடாகிவிடும். அடுப்பின் மேல் கெட்டிலோ குழம்புச் சட்டியோ எப்போதும் ஏதாவது இருக்கட்டும், கேஸ் மிச்சம்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து இருமுறை படியுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. படகுகளில் அது தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கொன்றிருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் படகுப் பாதுகாப்புச் சான்றிதழுக்கு அதற்கான அலாரம் கட்டாயம். படுக்கும் இடத்துக்கு அருகிலும் ஒன்று வைத்து, வாரம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். குளிர் தாங்காமல் காற்றுத் துளைகளில் துணியை அடைக்காதீர்கள். அணைந்துவிட்டது என்று நினைத்து பார்பிக்யூவை உள்ளே கொண்டுவராதீர்கள். சூடான சாம்பலும் அந்த வாயுவை வெளியிடும், அதனால் மூடியுள்ள இரும்புப் பெட்டியில் போட்டு வெளியே வையுங்கள். அடுப்புக் கதவின் ஓரத்தில் இருக்கும் கயிறு நைந்துபோனால் அன்றே மாற்றுங்கள். தலைவலியும் குமட்டலும் படகில் இருப்பவர் எல்லாருக்கும் ஒன்றாக வந்தால், காரணம் தேடிக்கொண்டிருக்காமல் வெளியே போய்விடுங்கள்.

குளிர்காலத்தின் இன்னொரு தொல்லை ஈரம். மூச்சு, குளியல், சமையல் எல்லாவற்றின் ஆவியும் குளிர்ந்த ஜன்னல் சட்டத்தில் நீராகிச் சொட்டும். மெத்தையின் அடியில் பூஞ்சை பிடிக்கும். நம் சமையலில் ஆவி அதிகம். சோறு வடிக்கும்போதும் குக்கர் வைக்கும்போதும் பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள், குளிர்ந்தாலும் பரவாயில்லை. மெத்தைக்கு அடியில் காற்றோடும்படி பலகைச் சட்டம் வையுங்கள். காலையில் ஜன்னலைத் துடைப்பது பல் துலக்குவதைப் போன்ற கடமையாகட்டும்.

மின்சாரமும் எரிபொருளும்

கரையில் மின் இணைப்பு இல்லாத படகில் எல்லாம் 12 வோல்ட் பேட்டரிகளின் கையில். 400 ஆம்பியர்-மணி ஈய பேட்டரிகள் இருந்தால், அவற்றின் ஆயுள் கெடாமல் பாதியைத்தான் எடுக்கலாம்: ஏறத்தாழ 2.4 யூனிட். சிறிய பிரிட்ஜ், விளக்குகள், தண்ணீர்ப் பம்பு, மடிக்கணினி, தொலைபேசி என்று சிக்கனமாக நடந்துகொண்டால் ஒன்றிரண்டு நாள் தாங்கும். மின்சாரக் கெட்டிலும் ஹேர் ட்ரையரும் அந்தக் கணக்கில் இடம்பெறாது. மிக்ஸியை இன்வெர்ட்டரில் ஒரு நிமிடம் ஓட்டிச் சட்னி அரைக்கலாம். ரைஸ் குக்கரை மறந்துவிட்டு கேஸ் அடுப்புக்கு மாறுங்கள்.

கோடையில் கூரைச் சோலார் தகடுகளே போதும். டிசம்பரில் அவற்றால் அநேகமாகப் பயனில்லை. தினமும் எஞ்சினை ஓட்டித்தான் பேட்டரி ஏற்ற வேண்டும். இரவு 8 முதல் காலை 8 வரை, கட்டிப்போட்டிருக்கும் படகில் எஞ்சினை ஓட்டக் கூடாது. பக்கத்துப் படகின் படுக்கை உங்கள் எஞ்சினிலிருந்து சில அடி தூரத்தில்தான் இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

கேஸ் வாங்கும்போது புரொப்பேன் கேளுங்கள். பியூட்டேன் உறைகுளிரில் ஆவியாகாது. சிலிண்டர் நிறைந்திருந்தும் அடுப்பு எரியாது. கரி, டீசல், சிலிண்டர் மூன்றையும் ஏற்றிக்கொண்டு கால்வாய் வழியே விற்றுப்போகும் எரிபொருள் படகுகள் உண்டு. உங்கள் பகுதிக்கு எது, எந்த நாளில் வரும் என்று விசாரித்து, தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோடையிலும் அவர்களிடமே வாங்குங்கள். பனியில் அவர்கள் வந்துசேர வேண்டுமானால் ஆண்டு முழுக்க அவர்கள் பிழைத்திருக்க வேண்டும்.

நகரும் நாள்

நிரந்தரக் கட்டுமிடம் இல்லாதவர் ஒரே இடத்தில் 14 நாட்களுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டத்தில் உள்ளது. பல இடங்களில் பலகை வைத்து 48 மணி நேரம் என்றும் குறைத்திருப்பார்கள். 2012இல் தொடங்கிய கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீர்வழிகளைப் பராமரிக்கிறது. படகு உரிமம் அவர்களிடம். காப்பீடும், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் பாதுகாப்புச் சான்றிதழும் இல்லாமல் உரிமம் கிடைக்காது. தேம்ஸ் ஆற்றுக்குள் போக வேறு உரிமம் வேண்டும்.

கிளம்பும் முன் எஞ்சின் எண்ணெய், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர், அடித்தளத்தில் தேங்கிய நீர் மூன்றையும் பாருங்கள். வேக வரம்பு மணிக்கு 4 மைல். கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது எஞ்சினை ஆகக்குறைந்த வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் அலை அவர்கள் கட்டுக்கம்பிகளைப் பிடுங்கிவிடும். சுக்கான் கையை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள். பிரேக் என்று ஒன்று இல்லை. பின்னோக்கி ஓட்டித்தான் நிறுத்த வேண்டும், அதற்கும் நேரம் பிடிக்கும்.

திடீரென்று எஞ்சின் திணறினால் புரொப்பல்லரில் ஏதோ சுற்றிக்கொண்டது என்று அர்த்தம். பிளாஸ்டிக் பை, கயிறு, கம்பி, பழைய துணி, சில நகரங்களில் ஆறு கஜப் புடவையே வரும். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் பின்பக்க மூடியைத் திறந்து கையை விட வேண்டும். வேலை முடிந்ததும் மூடியை இறுக்கி மாட்டினோமா என்று இன்னொரு தரம் பாருங்கள். தளர்வாக விட்டால் புரொப்பல்லர் வீசும் தண்ணீர் எஞ்சின் அறையை நிரப்பி, படகையே மூழ்கடிக்கும்.

லாக்குகள்தான் நகரும் நாளின் பெரிய வேலை. வூஸ்டர்–பர்மிங்ஹாம் கால்வாயின் டார்டபிக் பகுதியில் தொடர்ச்சியாக 30 லாக்குகள்; டிவைசஸ் ஊரருகே கேன் ஹில்லில் 29. அங்கெல்லாம் ஒரு நாளே போய்விடும். ஏறும்போது லாக்கின் தொட்டி காலியாக இருக்க வேண்டும். உள்ளே போய், கீழ்க்கதவுகளையும் அவற்றின் சிறுமதகுகளையும் மூடி, மேற்சிறுமதகுகளைச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாகத் திறந்தால் தண்ணீரின் வேகம் படகைத் தூக்கி முன்னும் பின்னும் மோதும். திருகுகைப்பிடியைச் சுழல்தண்டில் மாட்டியபடி விட்டுப் போகாதீர்கள். பல்சக்கரம் நழுவினால் அது சுழன்று தாடையை உடைத்துவிடும்.

இறங்கும்போதுதான் உயிரபாயம் அதிகம். மேற்கதவின் அடியில் கல் திட்டு ஒன்று தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நீர் நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. அது முடியும் இடத்தைக் கரையில் வெள்ளைக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். படகின் பின்முனை அந்தக் கோட்டைத் தாண்டி, கீழ்க்கதவுப் பக்கமாகவே நிற்க வேண்டும். நீர் வடியும்போது பின்முனை அந்தத் திட்டில் உட்கார்ந்துவிட்டால் முன்பக்கம் தாழ்ந்து, சிறிது நேரத்திலேயே நீர் உள்ளே புகும். அப்படி நடந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கீழ்ச்சிறுமதகுகளை உடனே மூடுங்கள், பிறகு மேலுள்ளவற்றைத் திறந்து தொட்டியை மீண்டும் நிரப்புங்கள். இறங்கும்போது கயிற்றைக் கரையில் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள், படகு தொங்கிவிடும். கரையில் சிறுமதகைத் திருப்புகிறவர் ஒவ்வொரு திருப்புக்கும் படகைத் திரும்பிப் பார்க்க வேண்டும். வழிப்போக்கர் உதவ வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் படகில் நிற்பவர் சொன்ன பிறகே திறக்கச் சொல்லுங்கள்.

குறுகலான ஒரு லாக்கை ஒருமுறை இயக்கினால் சுமார் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் கீழே போய்விடும். அகலமான லாக்கில் இன்னொரு படகுக்காகப் பத்து நிமிடம் காத்திருந்து சேர்ந்து போவதும், போகும்போது எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போவதும் இதனால்தான். 2022, 2025 கோடை வறட்சியில் பல கால்வாய்ப் பகுதிகள் மூடப்பட்டன. குளிர்காலத்திலோ நவம்பர் முதல் மார்ச் வரை பழுதுபார்ப்புக்காக மூடுவார்கள். எங்கே மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்பதை முன்பே பார்த்து, தண்ணீர்க் குழாயும் எல்சனும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

மாலையில் படகைக் கட்டியதும் புரொப்பல்லர்த் தண்டின் கிரீஸ் மூடியை இறுகும்வரை திருகிவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் அந்தத் தண்டு வழியாக இரவெல்லாம் சொட்டும்.

கரையோடு உள்ள தொடர்பு

நிரந்தர முகவரி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் பதிவு செய்யலாம். முகவரிச் சான்று கட்டாயமில்லை. வரவேற்பில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருந்தால் பொறுமையாகச் சொல்லுங்கள். தபாலுக்கு ஒரு நண்பர் வீட்டையோ தபால் சேவையையோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வங்கியும் காப்பீடும் முகவரி கேட்கும்போதுதான் இதன் அருமை தெரியும். ஆம்புலன்ஸ் அழைக்க நேர்ந்தால் சொல்ல வேண்டியது பாலத்தின் எண். பெரும்பாலான கால்வாய்ப் பாலங்களில் எண் பதித்திருக்கும். படகைக் கட்டிய அன்றே அந்த எண்ணையும் அருகிலுள்ள தெருப் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கதவருகே ஒட்டிவிடுங்கள்.

குளிர்காலத்தில் படகைப் பூட்டிவிட்டுப் போகும்போது

சில நாட்கள் ஊருக்குப் போகிறீர்கள், அடுப்பை அணைத்துவிட்டீர்கள் என்றால் குழாய்களில் தங்கிய நீர் உறைந்து விரிந்து இணைப்புகளைப் பிளந்துவிடும். தண்ணீர்ப் பம்பை அணையுங்கள். எல்லாக் குழாய்களையும் திறந்து வடியவிடுங்கள். ஷவரின் கலவைக் குமிழை நடுவில் வைத்து, தலையைக் கழற்றித் தரையில் போடுங்கள். பெரும்பாலும் முதலில் உடைவது அதுதான். வெந்நீர்க் கருவிக்கு வடிகுழாய் இருந்தால் அதையும் திறந்துவிடுங்கள். எஞ்சினில் உறைதடுப்புத் திரவம் போதுமான அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். கேஸைச் சிலிண்டரிலேயே மூடுங்கள். அடித்தளப் பம்பின் தானியங்கிச் சுவிட்ச் மட்டும் வேலை செய்யட்டும். பக்கத்துப் படகுக்காரரிடம் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, கயிறுகள் தளராமல் இருக்கின்றனவா, படகு ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று கடந்துபோகும்போது பார்க்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் முதலில் எல்லாக் குழாய்களையும் மூடுங்கள், பிறகு பம்பைப் போடுங்கள், அது ஓடி நின்றுவிடுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். நிற்காமல் ஓடினால் எங்கோ கசிகிறது. பம்பை அணைத்துவிட்டு, டார்ச்சோடு சமையலறைக் கழுவுதொட்டியின் அடியிலிருந்து தேடத் தொடங்குங்கள்.